அலை அடங்கும் நேரம்

மாலை நாலரைக்குச் செய்தி வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் கணவரோடு வேலை பார்க்கும் பெண்தான் பேசினாள். "அக்கா, சார் மாடிப்படியில மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம்..." வழியிலேயே உயிர் போய்விட்டது என்று அழுதாள். நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சட்டையை எடுத்து மடித்தேன்.

லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் படியேறும் மனிதர் அவர். எங்கேயும் இருப்புக் கொள்ளாது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பதாகச் சொல்வார்களே, அப்படி. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'வெந்நீர்'. சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். "மேசை நடுங்குது, அதுக்குக் காய்ச்சலாப்பா?" என்பாள் மகள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஆன்டெனா போன்ற கருவிகளைச் செய்வதற்கு முன், அவற்றுக்குள் மின்காந்த அலை எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியிலேயே கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் அவர்களுடையது. ஒரு சிறு அலைத் துடிப்பை உள்ளே அனுப்பிவிட்டு, அது அடங்கும்வரை கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். சில கருவிகளுக்கு ஒரு பகல் முழுக்க ஓடும். அந்த நேரத்தைக் குறைப்பது அவர் பொறுப்பு. விடை மட்டும் மாறக் கூடாது.

ஆம்புலன்ஸ்களுக்கு ரேடியோ செய்யும் நிறுவனம் ஒன்று கெடு வைத்தது. நேரம் பாதியாகக் குறையாவிட்டால் வேறு மென்பொருளுக்குப் போய்விடுவார்களாம். அவர்கள் போனால் குழுவைக் கலைத்துவிடுவோம் என்றார் மேலாளர். குழு என்றால் இவரும் அந்தப் பெண்ணும்தான்.

இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அலை முழுக்க அடங்கும்வரை ஓட்ட வேண்டாம். கருவிக்குள் ஓரிடத்தில் அதை அளந்துகொண்டே இருந்து, போதுமான அளவு இறங்கியதும் நிறுத்திவிடலாம். சோதித்த மாதிரிகளிலெல்லாம் பழைய விடையே வந்தது. நேரம் பாதிக்கும் கீழே. மேலாளர் உடனே வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், திங்கட்கிழமை காட்டுகிறோம் என்று.

சனிக்கிழமை காலை, அந்த நிறுவனத்தின் ரேடியோவில் வரும் பெட்டி ஒன்றின் கணினி மாதிரியை வீட்டிலிருந்தே ஓட்டிப் பார்த்தார். வேண்டாத அலைகளை வடிகட்டும் உலோகப் பெட்டி அது, உள்ளே ஒட்டினாற்போல் இரண்டு அறைகள். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே? ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ரொம்ப சீக்கிரம்."

"உங்களுக்கே சீக்கிரம்னா சந்தேகப்பட வேண்டியதுதான்."

அவர் சிரிக்கவில்லை. பழைய முறையில் மறுபடி ஓடவிட்டு, மாலைவரை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். முழு விடையின் வரைபடத்தில் இரண்டு மேடுகள் இருந்தன. அவருடைய வேகமான விடையில் ஒன்றுதான்.

"அலை ரெண்டு அறைக்கும் மாறி மாறிப் போய்வருது. நான் அளந்தது முதல் அறையில. பக்கத்து ரூமுக்குப் போனவன் திரும்பி வர்றதுக்குள்ள, ஆளே இல்லன்னு கதவைப் பூட்டிட்டேன்."

மேலாளரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"வேற மாடலை வச்சுக் காட்டிடலாம்பா. இதை அப்புறம் பாத்துக்கலாம்."

"அவங்க ரேடியோவுல இருக்கறதே இந்தப் பெட்டிதான் சார்."

"பாதின்னு சொல்லிட்டேனேய்யா!"

"பாதி வராது. ஆனா சரியா வரும்."

ஞாயிறு முழுக்க மாற்றி எழுதினார். ஓரிடத்தை மட்டும் அளக்காமல் பெட்டி முழுவதிலும் மிச்சமிருக்கும் ஆற்றலைப் பார்க்க வேண்டும். அது கொஞ்ச நேரம் தொடர்ந்து தாழ்வாகவே இருந்தால்தான் நிறுத்த வேண்டும். நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. திங்கட்கிழமை முதலில் தவறான விடையைக் காட்டி, அது ஏன் தவறு என்று சொல்லிவிட்டு, பிறகு சரியானதைக் காட்டினாராம். வாடிக்கையாளரின் பொறியாளர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"எங்களுக்கு இது போதும். ஆனா நிறுத்தற அளவை எங்க ஆளுங்க யாராவது அவசரத்துல மாத்தினா என்ன ஆகும்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துடுங்க. எங்க ஆளுங்க கை சும்மா இருக்காது."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே இதை என்னிடம் சொன்னார். குழு பிழைத்தது. அந்த வியாழக்கிழமைதான் படியில் விழுந்தார்.

நேற்று அந்தப் பெண் அவருடைய பையையும் கண்ணாடியையும் கொண்டு வந்து கொடுத்தாள். மடிக்கணினியைத் திறந்து, வாடிக்கையாளருக்காக அவர் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தையும் காட்டினாள். அதை எப்படி எழுதி முடிப்பது என்று அவளுக்கும் இன்னும் தெரியவில்லையாம். அலை எப்படி அடங்குகிறது, எங்கே அளக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறார். கடைசி வரி, 'நிறுத்தும் நேரத்தை இதற்கு மேலும் குறைத்தால்' என்பதோடு நிற்கிறது.