மாத்துக்கயிறு

காரைக்காலில் மரமேறி எவரும் ஒற்றைக் கயிறு வாங்குவதில்லை. கடைப்படியில் கால் வைக்கும்போதே "ஜோடி குடுங்க" என்பார்கள். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. ஐம்பத்தொன்றாம் ஆண்டு பங்குனியில் நான் இங்கே கயிற்றுக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு விளங்கவில்லை. வாங்க வந்த ஒருவரிடம், "ஒண்ணு அந்துபோனா மாத்திக்கிடுறதுக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரைக்காரே, இந்தத் தம்பிய எங்கேர்ந்து புடிச்சாந்தீங்க? கயித்துக்கடையில குந்திக்கிட்டு கயிறு அந்துபோறதப் பத்திப் பேசுது" என்றார். முதலாளி மரைக்கார் சிரித்தார். "திருநெல்வேலிப் பக்கம். அங்கெல்லாம் பனைமரமே குனிஞ்சு இவங்களைத் தூக்கிக்கிடுமாம்." அன்று எனக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. நானும் கயிறு விற்கிறவன்தான், ஏறுகிறவன் அல்லன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நம் முறையைச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். உடன்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் பனையேறிக்குக் காலில் ஒரு தளை, நெஞ்சில் ஒரு தோல், மற்றதெல்லாம் இரண்டு கைகள். மரத்தை மார்போடு சேர்த்து அணைத்து, தளையை மேலே இழுத்து இழுத்து ஏற வேண்டும். பனையின் சொரசொரப்பு ஆளைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பில் கயிறு கட்டி ஏறுவது அங்கே கேள்விப்படாத சங்கதி. நாற்பத்தெட்டில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபின் கள் இறக்க வழியில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் அந்தச் சட்டம் இல்லை. ஒரே தமிழ், ஒரே வெயில், நடுவில் ஒரு சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் குற்றம் தொழிலாகிவிடும். ஐம்பத்துமூன்று ஆவணியில் என் அண்ணன் செல்லையாவும் மதினி பொன்னம்மாளும் என்னைத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

இங்கே கள் பெரும்பாலும் தென்னையில். ஒல்லியாக, வளைந்து, மழைக்காலத்தில் பாசி படிந்து வழுக்குகிற மரம். காரைக்காலை ஒட்டிய நெரவியில் ஒரு தோப்பில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. பக்கத்து மரங்களில் ஏறிய வேலாயுதம் அவ்வூர்க்காரர், அண்ணனைவிடச் சிறியவர். முதல் நாளே, "அண்ணே, இடுப்புல கயிறு இல்லாம ஏறாதீங்க. இது பனை இல்லீங்க" என்றாராம். அண்ணன் கேட்கவில்லை. "மரத்தோட சேத்துக் கட்டிப்போட நான் என்ன ஆட்டுக்குட்டியா? நம்ம ஊர்ல தெரிஞ்சா பொம்பளையாளுக சிரிப்பாளுவ" என்றார் என்னிடம்.

ஊர்ப் பெண்கள் சிரித்தார்களோ இல்லையோ, மதினி சிரிக்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் அண்ணன் பாதி மரத்திலிருந்து சறுக்கி, நெஞ்சுத்தோல் கிழிந்து, கைகள் இரண்டும் ரத்தமாக வந்து நின்றார். மதினி அப்போது ஐந்து மாதம். மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டே சொன்னார்: "இந்தூர்க்காரவுக மாதிரி நீரும் கயிறு கட்டும். கட்டலைன்னா நான் நாளைக்கே ஊருக்குப் போயிருவேன். புள்ளைக்கு அப்பன் வேணும் எனக்கு."

"சரிட்டீ. கட்டிக்கிடுதேன். தொட்டில்ல தூங்குத மாதிரி மரத்துல தூங்கிட்டு வாரேன்" என்றார் அண்ணன்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். பெரிய கயிறு மரத்தையும் இடுப்பையும் சுற்றி வரும். குட்டைக் கயிறு தோளில் கிடக்கும். அதை இங்கே மாத்துக்கயிறு என்பார்கள். நம் பக்கத்தில் மாத்துவேட்டி என்றால் என்ன? கட்டியிருப்பதை அவிழ்த்தபின் கட்டுவது. அண்ணன் அந்தச் சொல்லை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். சில நாட்கள் குலை மறிக்காத மரங்களிலேயே வேலை இருந்ததால் குட்டைக் கயிற்றுக்குத் தேவை வரவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்காகக் கடை அடைத்திருந்ததால் நான் தோப்புக்குப் போயிருந்தேன். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அண்ணன் உச்சியை நெருங்கிவிட்டார். அதற்கு மேலே குலைகள் மறித்ததால் பெரிய கயிறு நகரவில்லை. கீழே நின்ற வேலாயுதம் அண்ணாந்து பார்த்து, "மாத்துங்கண்ணே!" என்று கத்தினார்.

"மாத்துதேன், மாத்துதேன். சத்தம் போடாதீரும்" என்று மேலிருந்து பதில் வந்தது.

இவ்வூர் மரமேறிக்கு மாத்து என்றால் முதலில் குட்டைக் கயிற்றைக் குலைக்கு மேலே மட்டையின் அடியில் கட்டி, அதை இழுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் பெரிய கயிற்றில் கை வைப்பது. எந்த நொடியிலும் ஒரு கயிறாவது உடம்பில் இருக்கும். அண்ணன் ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் பெரிய கயிற்றை அவிழ்த்தார். வேலாயுதம், "ஐயையோ, அத இல்லண்ணே! அத வுடாதீங்க!" என்று அலறினார். அந்தக் குரலுக்கு அண்ணன் கீழே குனிந்து பார்த்தார். தோளில் கிடந்த கயிற்றுக்கு அவர் கை போய்க்கொண்டிருந்தது. பாசியில் மற்றக் கை வழுக்கியது. அவர் விழுந்தபோது மாத்துக்கயிறு தோளிலேயே கிடந்தது, முடிச்சுக்கூடக் கலையாமல்.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள். அங்கிருந்த குமாஸ்தா நம்மைப் போன்ற தமிழர்தான். எந்த ஊர் என்று கேட்டு, நான் சொன்னதும் ஏதோ எழுதி, பக்கத்திலிருந்தவரிடம் "எத்ரான்ழே" என்றார்.

"என்ன சொல்லுதாரு? ஏதும் மருந்தா? இன்னும் உசுரு இருக்கா?" என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மதினி. அண்ணன் வெளிநாட்டுக்காரர்னு எழுதிக்கிடுதாக."

ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மதினி மன்றாடினார். சாவடியைக் கடக்க அனுமதி, அப்புறம் ரயில், அதற்கப்புறம் வண்டி. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "தம்பி, மையித்து தாங்காதுப்பா. மழையும் வுடலை" என்றார். பிணம் அத்தனை தூரம் தாங்காது என்பது உண்மை. அடுத்த ஆண்டு நவம்பரில் கொடி மாறியது, பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். சாவடியில் யாரும் யாரையும் நிறுத்தவில்லை. அந்த நாளை ஊரே கொண்டாடியது. மதினி கைக்குழந்தையோடு உள்ளே படுத்திருந்தார். ஒரு வருஷம் பிந்தி வந்த விடுதலையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை.

நெரவிக்காரர்களே குழி வெட்டினார்கள். நம் ஊரில் குழி வெட்டினால் சிவந்த தேரிமணல் சரிந்து சரிந்து மூடும், இரண்டு பேர் பலகை பிடிக்க வேண்டும். இங்கே சரியவில்லை. சுவர்போல் நின்றது. ஆனால் அடியில் தண்ணீர் ஊறியது. இறைத்தார்கள், மறுபடி ஊறியது. வேலாயுதம் குழிக்குள் முழங்கால் நனைய நின்று, "இன்னும் கொஞ்சம் எறைச்சிடுறேன், பொறுங்க, பொறுங்க" என்று அழுதுகொண்டே வாளியை மேலே கொடுத்தார். கடைசியில் தண்ணீரிலேயே அண்ணனை இறக்கினோம். வாய்க்கரிசிக்குப் பிறகு தம்பி என்ற முறையில் முதல் மண் நான் போட வேண்டும். நம் மணலாக இருந்தால் விரலை விரித்ததும் தானே போய்விடும். இது கரிய களிமண். பிடித்துப் போட்டேன். பாதி குழிக்குள் விழுந்தது, பாதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. உதறினேன். விழவில்லை.