இரண்டு வண்டியும் ஓர் இடது காலும்

ஒடெஸ்ஸா புரூயிட்டை ஓரிடத்தில் உட்கார வைக்க டெட்ராய்டில் இதுவரை ஆள் பிறக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டியவள். கேக் வெட்டி, கைதட்டி, இனி வீட்டில் நிம்மதியாக இரும்மா என்று அனுப்பி வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினாள். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் கடைசி வரிசைக்கு நழுவுவாள், அங்கிருந்து வாசலுக்கு. இரண்டு கணவர்களும் இந்தக் கால் தரிக்காத குணத்தைச் சொல்லித்தான் விலகிப் போனார்கள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். வயது அறுபத்தொன்று.

கோடை பிறந்துவிட்டால் சாயங்காலங்களில் அவளை உட்வர்ட் சாலையில்தான் பார்க்கலாம். அங்கே ஒரு மருந்துக்கடையின் பார்க்கிங், அவர்கள் கூட்டத்துக்கு நிரந்தர இடம். மடக்கு நாற்காலி போட்டு, ஐஸ் பெட்டியில் பாட்டில்களை அடுக்கி, கோனி என்கிற சாப்பாட்டுக் கடையிலிருந்து கறிக்குழம்பு ஊற்றிய சாசேஜ் ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே எது எந்த இன்ஜின் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒடெஸ்ஸாவுக்குத் தனி மரியாதை. காரணம் அவளுடைய பச்சை மஸ்டாங். எட்டு சிலிண்டர், இடது காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடுகிற மூன்று பெடல் வண்டி. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள். பேருந்தும் ஆட்டோமேட்டிக்தானே என்று யாராவது மடக்கினால், வேலைக்கு ரெண்டு பெடல், வாழ்க்கைக்கு மூணு என்பாள்.

வாய் சும்மா இருக்காது. கிளட்ச் மிதிக்கத் தெரியாதவன் ஓட்டுவதெல்லாம் வண்டியே இல்லை, மளிகைக் கடைத் தள்ளுவண்டி என்பாள். அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் ரோஸ்கோ. லிவர்னாய் சாலையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன், ஐம்பது வயதுக்காரன், ஆட்டோமேட்டிக் கமாரோ வைத்திருந்தான். அவன் வந்து இறங்கும்போதெல்லாம், பாலும் முட்டையும் வாங்கி வந்தாயா என்று கேட்பாள். அவன் சிரித்துவிட்டு நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொள்வான். பார்க்கிங்குக்கு நேர் எதிரே இருக்கும் சிக்னலில் யாருடைய வண்டியாவது கிளம்பும்போது ஆஃப் ஆகிவிட்டால் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டும். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவதியும் ஒடெஸ்ஸாதான்.

இப்படிப்பட்டவள் போன வருஷம் இலையுதிர் காலத்தில் சேலஞ்சர் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினாள். கத்தரிப்பூ நிறம். இன்ஜின் மஸ்டாங்கைவிடப் பெரியது. ஆனால் ஆட்டோமேட்டிக். இந்த மாடலை இனிமேல் செய்யப்போவதில்லை, அதனால்தான் வாங்கினேன் என்றாள். நம்பினார்கள். அந்த மாதிரிக் காரணத்துக்காகச் சமையலறை கூரை ஒழுகுவதை விட்டுவிட்டு வண்டி வாங்கியவர்கள் அங்கே நிறையப் பேர்.

அன்றிலிருந்து எல்லோரும் அவளைக் கேட்டது ஒரே கேள்வி. இரண்டையும் வைத்திருக்கிறாயே, எது நல்ல வண்டி?

அதற்கு அவளிடம் ஒரு முழுப் பிரசங்கமே தயாராக இருந்தது. மஸ்டாங் எடை குறைவு, வளைவில் சொன்ன பேச்சு கேட்கும், ஆனால் ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் முதுகெலும்பு வரை வந்து சேதி சொல்லும். இந்த ஊர் ரோட்டில் பள்ளம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? சேலஞ்சரோ பள்ளத்தை விழுங்கிக்கொண்டு போகும். மஸ்டாங்கின் பின் சீட்டில் கைப்பையைத்தான் உட்கார வைக்கலாம், சேலஞ்சரில் மூன்று சர்ச் அம்மாக்கள் தொப்பியோடு உட்காரலாம். டிக்கியில் ஒரு மாதத்துச் சாமான் அடங்கும். சத்தம் என்று வந்தால், மஸ்டாங் உச்சத்துக்குப் போனால்தான் பாடும், அந்தப் பெரிய இன்ஜின் சும்மா நிற்கும்போதே நெஞ்சுக்குள் உறுமும். வளைவில் கொஞ்சம் பெரிய உடம்பு, திருப்ப யோசிக்கும், போகட்டும். நமக்கெல்லாம் வயசாச்சு, நேர் ரோடு போதும் என்று முடிப்பாள்.

சொன்னதில் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அவள் மனசுக்குள் இருந்தது எதுவும் அதில் இல்லை. முந்தின வருஷம் வரை இதே சேலஞ்சரை, சக்கரம் வைத்த சோபா என்று சொன்னவள் அவள்.

நடந்தது இதுதான். போன வருஷக் கோடையிலிருந்தே அவள் இடது பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் செருப்பைக் குறை சொன்னாள், அப்புறம் வெயிலை. கடைசியில் டாக்டரிடம் போனபோது, இடுப்பில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறது, பாதம் சொன்ன நேரத்துக்கு எழும்பாது, பயிற்சி செய்யுங்கள், கிளட்ச் வண்டியை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார். பயிற்சியைச் செய்தாள். டாக்டரை மறந்துவிட்டாள். வெளியில் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஊர் தூங்கும்போது, ஷெட்டிலிருந்து மஸ்டாங்கை எடுத்து சிக்னல் குறைந்த தெருக்களாகப் பார்த்து ஒரு சுற்று போய்விட்டு வைத்துவிடுவாள். அந்த ஒரு சுற்று இருக்கிற வரை தான் பழைய ஒடெஸ்ஸாதான் என்று நினைத்துக்கொண்டாள். மஸ்டாங் கையை விட்டுப் போனால் அந்த நினைப்பும் போய்விடும். அந்தப் பயம் அவளை வீட்டில் ஒரு நாற்காலியிலும் உட்கார விடவில்லை. ராத்திரி டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ரோஸ்கோ கேட்டான், பச்சை வண்டியைப் பார்த்து எத்தனை நாளாச்சு, இந்தக் கோடையில் ஒரு தடவைகூடக் கூட்டி வரவில்லையே என்று. அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்க ஷெட்டுக்குள் உட்கார்ந்து, இன்ஜினை ஓட விடாமலே கிளட்ச்சை மிதித்து மிதித்துப் பழகினாள்.

சனிக்கிழமை வந்தாள். வழியெல்லாம் நன்றாகவே வந்தாள். பார்க்கிங்குக்கு எதிரே அந்த சிக்னல் சிவப்பாக இருந்தது. இந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் அவளைப் பார்த்துக் கையசைத்தது. பச்சை விழுந்ததும், மிதித்திருந்த பாதம் மெல்ல எழ வேண்டியதற்குப் பதில் வழுக்கி விழுந்தது. மஸ்டாங் ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் ஹாரன். அவள் மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடியும் ஆஃப்.

கை தட்டினார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ராணி மாட்டிக்கொண்டாள் என்ற குஷிதான். ரோஸ்கோ மட்டும் தட்டவில்லை என்பதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எப்படியோ மூன்றாம் தடவை உருட்டி உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள்.

இறங்கும்போதே, கிளட்ச் போச்சு என்று சொல்லிவிட்டாள். வண்டி மேல் ஒரு பழி சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொன்ன மறுகணம் அவமானத்தில் காது சுட்டது. கூட்டம் உடனே வைத்தியம் பேச ஆரம்பித்தது. எண்ணெயைப் பார், கிளட்ச் தட்டைப் பார், எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன் இருக்கிறான் என்று ஆளுக்கு ஒன்று. அவள் உட்காரவே இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ரோஸ்கோ பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சாவியக் குடுங்கக்கா. நான் கொண்டுபோயி வீட்ல விடறேன். நீங்க என் வண்டிய எடுத்துட்டு வாங்க."

"உனக்கு மூணு பெடல் ஓட்டத் தெரியுமாடா?"

"பட்டாளத்துல லாரி ஓட்டுனவன்க்கா நான். கடையில நின்னு நின்னு முட்டி தேஞ்சு போச்சு. அதான் ஆட்டோமேட்டிக்."

"இத்தன வருஷமா சொல்லவே இல்லையே நீ."

"நீங்க நல்லா சிரிச்சிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?" என்றான் ரோஸ்கோ. பிறகு, "வண்டியில ஒண்ணும் இல்லக்கா. நான் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றான்.

உன் முட்டி உன்னோடு, எனக்கு ஒன்றும் இல்லை என்று வெட்டிப் பேசிவிட்டு அவளே மஸ்டாங்கை ஓட்டிக்கொண்டு போனாள். சந்து பொந்தெல்லாம் புகுந்து, சிக்னல் இல்லாத வழியாக. வீட்டுக்கு வந்து ஷெட்டை மூடியதும் அழுகை வந்தது. பால் முட்டை என்று எத்தனை வருஷம் அவனைக் கிண்டல் செய்திருக்கிறோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். மறுநாள் அதே வேகத்தில் மஸ்டாங் விற்பனைக்கு என்று போட்டோவோடு விளம்பரம் போட்டுவிட்டாள். இருந்தால்தானே கேட்பார்கள், தொலையட்டும்.

கோபத்தில் செய்தது எத்தனை நாள் நிற்கும்? வாரக் கடைசிக்குள் மனசு மாறிவிட்டது. இரண்டு நாள் பாதம் கொஞ்சம் தேவலை போலவும் இருந்தது. விளம்பரத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள், அதற்குள் அதைப் பார்த்துப் பக்கத்து நகரம் டொலீடோவிலிருந்து ஒருத்தி கிளம்பியே விட்டாள். வரட்டும், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும், கொடுக்கப்போவதில்லை என்று ஒடெஸ்ஸா முடிவு செய்தாள்.

வந்தவள் பெயர் பெர்னடீன். நாற்பத்தைந்து வயசிருக்கும், ஆள் நல்ல உயரம். டொலீடோவில் சவ ஊர்வல வண்டி ஓட்டுகிறாளாம். நாள் முழுக்க ஊர்ந்து ஊர்ந்து கால் அரிக்கிறது, சாயங்காலம் உயிரோடு இருக்கிறவர்களோடு ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். ஒடெஸ்ஸாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. அதுவே எரிச்சலாக இருந்தது.

வாசலில் நின்ற சேலஞ்சரைப் பார்த்துவிட்டு பெர்னடீனும் அதே கேள்வியைக் கேட்டாள். இரண்டில் எது நல்லது, எதற்காக இதை விற்கிறீர்கள்? அவளைத் திருப்பி அனுப்பிவிடும் எண்ணத்தில், கிளட்ச் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கிறது என்றாள் ஒடெஸ்ஸா. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று பெர்னடீன் சாவிக்குக் கை நீட்டினாள்.

ஒடெஸ்ஸா தன் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டீரிங் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். தெருவைத் தாண்டி ஏழு மைல் சாலை என்ற பெரிய ரோட்டுக்கு வந்ததும் பெர்னடீன் கொஞ்சம் அழுத்தினாள். நன்றாக ஓட்டினாள், தப்பு சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் கியர் விழுந்தபோது ஒடெஸ்ஸாவின் இடது கால் தானாக எழுந்து தரையை மிதித்தது. பழக்கம், வேறென்ன என்று விட்டுவிட்டாள். மூன்றாம் கியருக்கும் மிதித்தது. அப்போதுதான் கவனித்தாள். பெர்னடீன் கியரைப் போட்டு முடித்துக் கிளட்ச்சை விட்டபிறகுதான் இவள் பாதம் தரையைத் தொட்டது.

அடுத்த சிக்னலில் நின்று கிளம்பியபோது அவள் தயாராகக் காத்திருந்தாள். பெர்னடீனின் கை கியரைத் தொட்டதும் முழு மனசோடு மிதித்தாள். தாமதம். நான்காவதுக்கு, சத்தம் ஏறுவதைக் கேட்டுக் கை அசைவதற்கு முன்பே மிதிக்கப் பார்த்தாள். தாமதம்தான். இன்ஜின் தன் பாட்டுக்கு மேலே ஏறிப் பாடிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் அத்தனை தடவை மிதித்துப் பார்த்தபோதும், தெரு காலியாக இருந்த ஞாயிறுகளிலும் தெரியாத கணக்கு இப்போது பக்கத்திலேயே தெரிந்தது. ஒருத்தி சரியாக ஓட்டும்போது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

"கிளட்ச்சுல ஒண்ணும் தெரியலையேக்கா. புதுசு கணக்கா இருக்கு" என்றாள் பெர்னடீன்.

உட்வர்ட் சாலை முனையில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது. பெர்னடீன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை நீங்கள் ஓட்டுகிறீர்களா, ஓரமாக நிறுத்தவா என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒடெஸ்ஸாவின் கை சீட் பெல்ட்டைக் கழற்றப் போனது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். இடது முழங்கால் அதற்குள் பதறி எழுந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து அமுக்கி வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, பச்சை விழப் போகுது, நீயே ஓட்டு" என்றாள். "ரெண்டுல நல்ல வண்டி இதுதான். கிளட்ச்சுல ஒண்ணும் கோளாறு இல்ல, நான் சொன்னது பொய். என் கால்தான் போச்சு. நீ எடுத்துக்கோ."

பச்சை விழுந்தது. பெர்னடீன் முதல் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினாள். ஒடெஸ்ஸா முழங்காலை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.