ஊசி போட்ட பிறகு பேசக்கூடாது

அடிநாக்கில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்திருந்தது. இனி அது திரும்பி வருமா, வராதா என்று ஜோசியம் சொல்ல ஒரு ஸ்கேன் வேண்டுமாம். புதுக்கோட்டையில் என் மனைவியின் தம்பியைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனேன்.

ஊசியைப் போட்டுத் தனியறையில் உட்கார வைத்த நர்ஸ், "ஒரு மணி நேரம் பேசவே கூடாதுங்க. பேசினா தொண்டைச் சதை வேலை செஞ்சு, நோய் மாதிரியே ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும்" என்றாள். இத்தனை வருஷமாக என் மனைவியால் முடியாததை ஓர் ஊசி சாதித்துவிட்டது.

கதவுக்கு வெளியே மைத்துனன் திருவரங்குளத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டான்.

"மச்சானுக்கு நாக்குலதான் வந்துச்சு. அவரு பேசுற பேச்சுக்கு வேற எங்கிட்டு வரும்? தேறுறது சந்தேகந்தான். எதுக்கும் பந்தல்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

நான் வாயைத் திறந்தேன். அவன் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டினேன். அதில் என் மனைவியும் அடக்கம் என்பது பாதியில்தான் உறைத்தது. நர்ஸ் ஓடி வந்த பிறகே ஓய்ந்தேன்.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் படத்தைக் காட்டினார். அடிநாக்கில் ஒன்றுமே இல்லை. குரல்வளையில் மட்டும் சீரியல் லைட் போட்டதுபோல வெளிச்சம்.

"பேசுனீங்களா?" என்றார்.

நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இது நோய் இல்ல, சத்தம் போட்ட சதை. நோய் திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்று டாக்டர் சிரித்தார்.

வெளியே வந்ததும் மைத்துனன் மறுபடியும் போனை எடுத்தான்.

"பந்தல் வேண்டாம், மச்சான் பொழச்சுக்கிட்டாரு. ஆனா அந்த வாய் மட்டும் அப்படியேதான் இருக்கு. ஸ்கேன்லயே தெரியுது."