பெயரை அழைத்தபின் காத்திருந்த பொழுது

காலை வருகைப் பதிவில் ஒரு பெயரை அழைத்தபின் எங்கள் டீச்சர் காத்திருந்த சிறுபொழுது இன்றும் என் செவியில் நிற்கிறது. ஒரு குழந்தை எழுந்து 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லி அமர்வதற்கு வேண்டிய நேரம் அது. அதன்பிறகே அடுத்த பெயர். விடை சொல்ல வேண்டிய சிறுமியோ கண்மாயில் மூழ்கி இறந்துபோயிருந்தாள்.

எழுமலைக்கு அருகிலிருந்த அப்பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளனாக இருந்தேன். எத்தனை பேருக்கு உலை வைப்பது என்றறிய, அன்றாடம் வகுப்பு வாசலில் நின்று கேட்பது என் கடமை. டீச்சரின் வகுப்பு வேறெந்த வகுப்பையும் போல இராது. பார்வையற்ற சிறுமிக்குப் புளியங்கொட்டைகளை அட்டையில் ஒட்டி எழுத்துகளைத் தொட்டறியச் செய்வார். செங்கல் சூளை வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளிடம் முதலில் அவர்கள் மொழியில் ஒரு சொல்லைத் தாம் கற்றுக்கொண்டு, பிறகே அதன் தமிழைக் கற்பிப்பார். அவ்வகுப்பில் வாய் திறவாத உள்ளூர்ப் பையன் ஒருவனும் இருந்தான். நேற்றைய வரிசையிலேயே இன்றும் எல்லாம் நடக்க வேண்டும் அவனுக்கு. பள்ளியில் சேருமுன், கூலிக்குப் போகும் பெற்றோர் வேறு வழியின்றி அவனைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போவார்கள்.

இறந்த சிறுமி அவன் பக்கத்தில் அமர்பவள். அவள் பெயரைத் தாண்டி டீச்சர் அடுத்ததை அழைத்த காலையில், அவன் சுவரில் மோதி நெற்றியைப் பிளந்துகொண்டான். மறுநாளும் அப்படியே பாய்ந்தான். அதற்கடுத்த நாள் டீச்சர் தாழ்ந்த குரலில் அப்பெயரை அழைத்தார், காத்திருந்தார். அவன் அசையாமல் அமர்ந்திருந்தான்.

செய்தி ஊருக்குள் பரவியது. ஒருநாள் காலையில் சிறுமியின் தாய் வந்து வாசலில் நின்றார்.

"செத்த புள்ளயத் தெனமும் பேரு சொல்லிக் கூப்புட்டா அவ எப்பிடி டீச்சர் போய்ச் சேருவா? இங்கனயே வாசல்ல நின்டுக்கிட்டுல்ல இருப்பா?"

"நீங்க வேணாம்னா நிறுத்திடுறேம்மா. ஆனா இவன் அப்புறம் இங்க உக்கார மாட்டான். திரும்பக் கட்டில் காலுதான் அவனுக்கு."

அந்த அம்மாள் பையனின் நெற்றியை நெடுநேரம் பார்த்தார். "சரி, கூப்புடுங்க. நானும் கேக்குறேன்."

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தப் பெயரும் வந்தது. டீச்சர் காத்திருந்தார்.

'உள்ளேன் டீச்சர்' என்றது ஒரு குரல். கடைசியில் இழுக்கும் அதே இழுவை. மூக்கடைத்தாற்போன்ற அதே ஒலி. இறந்த சிறுமியின் குரல். வெயிலேறிய வேளையில் என் கை மயிர் சிலிர்த்தது. அசைந்தவை அப்பையனின் உதடுகள். அவன் எவரையும் பார்க்கவில்லை. கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வது அவனைப் போன்ற சில பிள்ளைகளின் இயல்பு என்று பின்னர் டீச்சர் விளக்கினார். அதை நான் ஏற்கிறேன். சிலிர்ப்பு மட்டும் இன்றளவும் அடங்கவில்லை.

தாய் அழவில்லை. "இன்னொருக்கக் கூப்புடுங்க டீச்சர்" என்றார்.

"நாளைக்குத்தாம்மா."

வரிசையைக் குலைக்க டீச்சர் ஒப்பவில்லை. மறுநாள் முதல் அந்த அம்மாள் நாள்தோறும் வாசலில் வந்து நின்றார்.

டீச்சர் காலமாகிவிட்டார். சென்ற மாதம் காளவாசல் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றபோது, நெற்றியில் பழைய தழும்போடு மீசை வைத்த இளைஞன் ஒருவனின் கையைப் பிடித்தபடி அந்த அம்மாளைக் கண்டேன். திருப்பரங்குன்றத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றில் அவன் காகிதப் பை செய்கிறானாம்.

"இவன் ஆத்தாளுக்கு முடியலண்ணே. நான்தேன் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

நான் மேலும் விசாரிக்க வாயெடுத்தேன்.

"கொஞ்சம் பேசாம இருங்கண்ணே. இப்ப வரும்."

பேருந்தைச் சொல்கிறார் என்றெண்ணிச் சாலையைப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னே டீச்சரின் குரல் பெயர்களை அழைக்கத் தொடங்கியது. திரும்பினேன், அழைத்தவன் அவன்தான். அந்தப் பெயரையும் அழைத்தான். அத்தனை இரைச்சலுக்கிடையே காத்திருந்தான். அந்த அம்மாள் கண்களை மூடிக்கொண்டார்.

'உள்ளேன் டீச்சர்.'

மீசைக்குக் கீழிருந்து வந்த அக்குரலுக்கு வயது ஏறியிருக்கவில்லை.

அவர்களுடைய பேருந்து வந்தது. அவனை முதலில் ஏற்றிவிட்டு, அந்த அம்மாள் யாருக்கோ வழிவிடுபவர்போல் படியருகே ஒதுங்கி நின்றார். ஒரு குழந்தை ஏறுவதற்கு வேண்டிய நேரம் அது. அதன்பிறகே தாமும் ஏறினார்.