பூசண வாடையும் பக்கத்து வீட்டுச் சாவியும்

எங்கள் ஊர் வீடு வருஷத்துக்கு ஒரு முறைதான் மூச்சு விடும். முன்னோருக்குப் படைப்பு வைக்கும் நாளை ஒட்டிப் பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்குவோம். சில நாள் சமையல், சத்தம், வாசலில் செருப்புக் குவியல். அப்புறம் பூட்டுதான். மீதி நாளெல்லாம் அங்கே வௌவால் குடித்தனம்.

போன வருஷம் எங்கள் அறைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே என் மனைவியின் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அறைக்குள் ஈரத்துணியை மடித்து வைத்து மறந்தது போல ஒரு பூசண வாடை. இன்ஹேலரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவளைக் காரைக்குடி லாட்ஜில் கொண்டுபோய் வைத்தேன். படைப்பன்று இலை போடும் நேரத்துக்கு மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

திரும்பும்போது காரில் சொன்னாள். "வாக்கப்பட்டு வந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறேன். அடுத்த வருஷமும் இப்படின்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கோபத்தைச் சமாளிப்பதில் எனக்கு நீண்ட அனுபவம். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அதுதான் உறைத்தது.

ஆகவே இந்த வருஷம் சென்னையிலிருந்து நான் மட்டும் முன்கூட்டியே கிளம்பினேன், வாடையை ஒரு கை பார்ப்பதாக. போகும் வழியெல்லாம் கைப்பேசியில் வீடியோக்கள் பார்த்தேன். ஊர் வந்து இறங்கும்போது பூஞ்சை ஒழிப்பில் நான் பாதி டாக்டர்.

முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைக் கழுவினேன். அறை நீச்சல் குளம் மாதிரி மணந்தது. பூசணம் அதில் குளித்துவிட்டுத் தெம்பாக எழுந்து வந்தது. சாம்பிராணி போட்டேன். பூசணத்துக்குப் பக்தி வந்தது, போகவில்லை. கிண்ணங்களில் காப்பித்தூள் வைத்தால் வாடையை உறிஞ்சும் என்று ஒரு வீடியோ சொன்னது. வீட்டிலிருந்த தூளையெல்லாம் கிண்ணத்தில் போட்டு மூலைக்கு ஒன்றாக வைத்தேன். மறுநாள் காலையில் வாடை அப்படியே இருந்தது. எனக்குக் குடிக்கத்தான் காப்பி இல்லை.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. வாடை எங்களுடையது இல்லை. பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியாக வருகிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஓர் அறை உண்டு. அதை அறை என்று சொல்வதில்லை, வீடு என்போம். அவரவர் வீட்டுக்கு அவரவர் பூட்டு, அவரவர் சாவி. கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் நின்றாலும் இன்னொருவர் பூட்டில் கை வைக்க முடியாது. பக்கத்து வீடு என் பெரியப்பச்சி மகனுடையது. எனக்கு அண்ணன் முறை, சிவகங்கையில் இருக்கிறார். போனில் கூப்பிட்டு, ரொம்பப் பக்குவமாக ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஒங்க வீடு கொஞ்சம் ஓதம் அடிச்சிருக்கும் போல."

"எப்படித் தெரியும்?"

"வாடை வருது."

"என் வீடு நாறுதுங்கிற."

"அப்படி இல்லண்ணே. மணக்குது, கொஞ்சம் ஜாஸ்தியா."

"நாளைக்குக் காலைல வாறேன். நீ மூக்கைக் கழுவிட்டு நில்லு."

மறுநாள் காலையில் இரண்டு வரவும் ஒன்றாக அமைந்தன. ரயிலை விட்டு இறங்கிய என் மனைவி கைப்பையில் இன்ஹேலரோடு முகப்பிலேயே நின்றுகொண்டாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். நான் முகக்கவசம் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுப் பூட்டில் சாவியைப் போட்டார்.

கதவு திறந்தது. உள்ளே ஓர் இரும்புக் கட்டில், சுவரில் ஒரு காலண்டர். வேறெதுவும் இல்லை. மேல் சன்னலுக்குக் கம்பி வலை அடித்துத் திறந்தே விட்டிருந்தார். அங்கிருந்து வெயில் ஒரு துண்டு தரையில் கிடந்தது. தூசி இருந்தது. வாடை இல்லை.

"சாமானையெல்லாம் மகளுகளுக்குக் குடுத்துட்டேன். இந்தக் காலண்டர்தான் நாறுதோ என்னவோ, பாரு," என்றார்.

நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அப்போது முகத்தை மறைக்க அது ஒன்றுதான் இருந்தது.

இதற்குள் என் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வளவுக்கு வந்திருந்தாள். தலைப்பை எடுத்து அண்ணன் வீட்டு வாசலில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். "இங்க இல்லை." நாலடி தள்ளி எங்கள் வாசலில் நின்றாள். உடனே இருமல். இருமிக்கொண்டே கையை மேலே காட்டினாள்.

"பரண்ல என்ன வச்சிருக்கீக?"

"ஒண்ணுமில்ல. மெத்தை."

அண்ணன் கைப்பேசியை எடுத்து மெதுவாகத் தேட ஆரம்பித்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷத்துக்கும் முந்தின படைப்பு முடிந்தபோது அடைமழை. விருந்தாளிகள் படுத்த இலவம்பஞ்சு மெத்தைகளை எலியும் தூசியும் அண்டக் கூடாது என்று பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காற்றுப் புகாமல் டேப் ஒட்டிப் பரணில் ஏற்றியிருந்தேன். ஏற்றியதோடு விட்டேனா? போட்டோ எடுத்துப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே எழுதியும் வைத்தேன்.

அண்ணன் அதைக் கண்டுபிடித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். "பொருளை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லோரும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்."

"கத்துக்கிட்டாச்சு," என்றாள் என் மனைவி.

மெத்தைகளைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய்ப் பிரித்தோம். பிரித்ததும் காக்கை கூட எழுந்து போய்விட்டது. மழை ஈரத்தை உள்ளே வைத்து நானே சீல் வைத்திருக்கிறேன். கறுப்பும் பச்சையுமாகத் தேசப்படம் போலத் திட்டுத் திட்டாய்ப் பூசணம். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"பர்மா இருக்கு, மலேயா இருக்கு, இலங்கை இருக்கு. நம்ம ஆளுக வட்டிக்கடை வச்ச ஊரு ஒண்ணு விடாம வந்திருக்கு தம்பி."

மெத்தைகள் போயின. ஆனாலும் எங்கள் வீட்டில் வாடை ஊறிக் கிடந்தது. கதவு சன்னலைத் திறந்து போட்டு வெயில் காட்டி, பரணைத் துடைத்து, அது போக நாளாகும். படைப்புக்கு அவ்வளவு நாள் இல்லை. என் மனைவி முகப்புக்குத் திரும்பிப் போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் போன வருஷத்துக் காரும் அந்தச் சன்னலும் தெரிந்தன. லாட்ஜுக்குப் போன் போட வேண்டியதுதான் என்று நம்பரைத் தேடினேன்.

அண்ணன் அவள் முன்னால் போய் நின்றார். "எதுக்கு லாட்ஜு? என் வீடு சும்மாதான கெடக்கு. தூசியைக் கூட்டிட்டுப் படுங்க. நான் கூடத்துப் பட்டாலைல படுத்துக்கிறேன்."

எங்கள் குடும்பத்தில் ஒரு பங்காளி இன்னொரு பங்காளிக்குச் சாவி கொடுத்து நான் பார்த்ததில்லை. கையை நீட்டினேன். அவர் சாவியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒன்கிட்ட இல்ல. அவுககிட்ட. நீ இதையும் பிளாஸ்டிக்ல சுத்திருவ."

மறுநாள் காலையில் நானும் பட்டாலையில்தான் கண் விழித்தேன். பக்கத்தில் அண்ணனின் குறட்டை இன்னும் முடியவில்லை. வளவு விளிம்பில் என் மனைவி உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் விசில் இல்லை. சாவி இடுப்பில் இருந்தது. இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன்.

"பையில கெடக்கு. எடுக்கவே இல்லை. காப்பித்தூள் எங்க வச்சிருக்கீக?"

"மூலைக்கு ஒரு கிண்ணம் இருக்கு," என்றேன்.

கடைக்குப் போய்ப் புதிதாகத் தூள் வாங்கி வந்தேன். வந்தவன், அந்த வீட்டில் அப்படி என்னதான் சுகம் என்று பார்க்க அண்ணன் வீட்டு நிலைக்குள் தலையை நீட்டினேன்.

"அங்கயே நில்லுங்க," என்றாள் வளவிலிருந்து. "நேத்து பரண்ல ஏறின அதே வேட்டி. குளிச்சு மாத்திட்டு, அப்புறம் நம்ம வீட்டுக்கு வாங்க."