வான் நம்பர் ஊர் சுற்றிய பிற்பகல்

பிற்பகல் இரண்டு இருபதுக்கு, பாடசாலை வான் ஓட்டும் வான் நானாவின் போன் வேலை செய்யாமல் போனது. மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளை எரிக்கின்றன என்று கேள்விப்பட்டு, கண்டியில் பாடசாலைகளை நேரத்தோடு விட்டிருந்தார்கள். என் மகளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் அவருடைய வானில், ஆற்றுக்கு அதே பக்கம் இருக்கும் எங்கள் ஊர் குண்டசாலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வான் நானா முஸ்லிம்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய வானில்தான் போய் வந்தாள்.

வான் பெற்றோருக்கென்று போனில் ஒரு குழு வைத்திருந்தோம். வழக்கமாக அதில் கேட்பது, "ட்ராபிக், கொஞ்சம் சுணங்கும்" என்கிற நானாவின் குரல்தான். அன்று அதில் எரிந்த வெள்ளை வான் ஒன்றின் படம் வந்தது. எங்கே எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. கண்டியில் பாடசாலை வான்களில் பாதி வெள்ளை நிறம் என்பதும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

எங்களில் ஒரு தகப்பனுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை இருந்தது. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். வான் நம்பர், நானாவின் பெயர், விளையாட்டுப் போட்டியன்று எடுத்த அவருடைய படம் எல்லாவற்றையும் சேர்த்து, "கண்டால் சொல்லுங்கள், உள்ளே பிள்ளைகள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வியாபாரிகள் குழுவில் போட்டார். பலரும் தேடுவார்கள் என்று எனக்கும் ஆறுதலாக இருந்தது.

சற்று நேரத்தில் கத்தாரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, பிள்ளைங்கள கடத்துற வான் ஒன்னு சுத்துதாம். படம் அனுப்பியிருக்கேன். பாப்பாவ வெளிய விடாதீங்க."

படத்தைத் திறந்தேன். வான் நானா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அதே நம்பர். கண்ட இடத்தில் மறியுங்கள் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது.

ஹார்ட்வெயார் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ, நான் அப்படிப் போடலைங்க!"

"போட்டத அழிங்க."

"அழிச்சிட்டேன். மத்தவங்க போன்ல இருக்கிறத நான் என்ன செய்ய?"

குழுவில் ஒரு தாய் முருகன் படம் போட்டார். "படம் போடாதீங்கம்மா, செய்தி வந்தா தெரியாமப் போயிரும்" என்று இன்னொருவர் ஏசினார். நான் வீட்டுக் கேற்றடியில் போனைப் பிடித்தபடி நின்றேன்.

நான்கு மணிக்கு மேல் பக்கத் திரைகள் இறக்கிய ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டுபவர் எங்கள் சந்தியில் நிற்கும் சிங்களவர். முதலில் மகள் இறங்கினாள். மற்ற மூவரும் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்பர் எனக்கும் வந்தது அக்கா. நம்ம நானாட வான்தானே, ஓடிப்போய்த் தேடினேன். குறுக்கு ரோட்டில நின்றார், போன்ல சார்ஜ் இல்ல. இப்ப எங்க வீட்டில இருக்கார். வானுக்குத் தார்ப்பாய் போட்டாச்சு."

மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் குழுவுக்கு எழுதத் தொடங்கினேன். அவர் குனிந்து போனைப் பார்த்தார்.

"பிள்ளைகள் வந்தாங்க, அது மட்டும் போடுங்க அக்கா. யார் கொண்டு வந்தது, நானா எங்க இருக்கார், அதெல்லாம் போட வேணாம்."