வெள்ளம் கொடுத்தவன்

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் கரமனையில் நாச்சியாருக்கு என்ன வேலை என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஆற்றோரத்து வீடுகளில் அவள் பெரிய கம்பெனி மேனேஜர். பால் பூத்தில் அவள் சினிமாவுக்குக் கதை எழுதுகிறவள். அவளைப் பெற்ற சிவகாமியம்மாளிடமே கேட்டால், "கம்ப்யூட்டர் ஜோலி" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிடுவாள். உண்மை எனக்குத் தெரியும். முப்பது தாண்டியும் கல்யாணமாகாத நாச்சியாருக்கு விளையாட்டுதான் வேலை. கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு சின்ன ஆபீஸில் கம்ப்யூட்டர் கேம் செய்கிறார்கள். அந்த கேமுக்குள் வருகிற ஆட்கள் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது இவள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கரமனையிலிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. டிரைவருக்குக் கண் முன்னால், காது பின்னால். பைபாஸில் வண்டி நகராத நேரங்களில் காதில் விழுந்ததை வைத்துச் சில கல்யாணங்களை முடித்தும் வைத்திருக்கிறேன், முறித்தும் வைத்திருக்கிறேன்.

நாச்சியார் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அவர்கள் செய்துகொண்டிருந்த கேமை எந்தக் கம்பெனியாவது எடுத்து வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் தம்பானூரில் சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. கோச்சிங்கில் சேர்ந்து, பரீட்சை எழுதி, சர்க்கார் ஆபீஸில் உட்கார வேண்டும். அம்மாவுக்கும் மகளுக்கும் அப்படி ஒரு பேச்சு. சத்தியம் செய்தது சத்தியவாகீஸ்வரர் கோயில் நடையில். சாமி பேரிலேயே சத்தியம் இருப்பதால் பின்வாங்க வழியில்லை. சிவகாமியம்மாள் போய் கோச்சிங்கில் ஒரு சீட்டுக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் வேலை செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். கதைக்குள் நாமே ஓர் ஆளாக மாறி ஊர் ஊராக நடக்கிற கேம்கள் இருக்கின்றன. ரோல் பிளேயிங் என்பார்கள். உலகத்தில் நல்ல பேர் வாங்கிய புது கேம் எது வந்தாலும் நாச்சியார் ஆடிப் பார்ப்பாள். மற்றவர்கள் ஜெயிக்க ஆடுவார்கள், இவள் வேடிக்கை பார்க்க ஆடுவாள். ராஜா அரக்கனைக் கொல்லப் போகச் சொன்னால், இவள் துணி துவைக்கிற படித்துறைக்குப் போவாள். அங்கே நிற்கிறவளிடம் ஒரு முறை பேசிவிட்டு, ஊரைச் சுற்றிவிட்டு, மறுபடி பேசுவாள். அவள் முதலில் சொன்னதையே சொன்னால் கேம் மட்டம். வேறு ஏதாவது சொன்னால், அதை எப்படிச் செய்தார்கள் என்று வேனில் ஆராய்ச்சி நடக்கும். எதிரில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வது வினீத். கேமுக்குப் புரோகிராம் எழுதுகிற மலையாளத்துப் பையன்.

"பழைய கேமுல ராஜா மகளைக் காணல்லேன்னு அழுவாரு, கேட்டியா வினீத். நாம ஆத்துல மீன் புடிச்சுட்டு ஒரு மாசம் கழிச்சுப் போனாலும் அதே இடத்துல நின்னு அதே அழுகை. இப்ப வாற நல்ல கேமுல அப்படி இல்லை. நாம லேட்டாப் போனா மகள் வேற எவன் கூடயோ திரும்பி வந்திருப்பா. ராஜா நம்ம மூஞ்சியைப் பாக்க மாட்டாரு."

"அதுக்கு எத்தற புரோகிராம் எழுதணும்னு அறியுமோ சேச்சி?" அக்கா என்பதைத்தான் சேச்சி என்கிறான்.

"அது உன் தலையெழுத்து."

அவர்கள் கேமின் கதை சின்னது. அயலூர்க்காரன் ஒருவன் ஒரு கிராமத்துக்குப் பிழைக்க வருகிறான். ஊர் அவனை நம்ப வேண்டும், அவ்வளவுதான். வினீத் முதலில் திரையின் மூலையில் ஒரு நம்பரை வைத்திருந்தான். நல்லது செய்தால் ஏறும், கெட்டது செய்தால் இறங்கும். நாச்சியாருக்கு அது பொறுக்கவில்லை.

"ஊர்ல யாரு நெத்தியில மார்க் ஒட்டிட்டு நடக்கா? நல்ல கேம்லாம் பாரு. நாம பண்ணினது அடுத்த ஊர்க்காரன் வாயில இருந்து வரும். பேருங்கது நம்ம கையில இருக்காது, அடுத்தவன் வாயிலதான் இருக்கும்." பிறகு குரலை உயர்த்தினாள். "இந்தா அண்ணாச்சி இருக்காருல்லா, இவருகிட்ட ஒண்ணு சொன்னா அது நம்ம வேனுக்கு முந்திக் கழக்கூட்டம் போயிரும். அப்படி வேணும் எனக்கு."

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நம்பரைத் தூக்கிவிட்டு வாய்ப்பேச்சை வைத்தார்கள். கேமுக்குள் ஒருவன் எதையாவது பார்த்தால், எதிரில் வருகிறவனிடம் சொல்வான். அவன் அடுத்தவனிடம் சொல்வான். கண்ணால் கண்டவன் கேள்விப்பட்டதை நம்ப மாட்டான் என்று நாச்சியார் ஒரு விதியும் வைத்தாள். எந்தச் சொல்லைக் கேட்டால் ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை, திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஆறுமுகசாமிக்கு. 'கள்ளன்' என்று காதில் விழுந்தால் கதவைச் சாத்த வேண்டும். 'கல்யாணம்' என்று விழுந்தால் சாப்பிட ஓடி வர வேண்டும். இப்படி.

சென்னையிலிருந்து, கேம் வெளியிடுகிற ஒரு கம்பெனிக்காக பூமாரி என்கிற அம்மாள் கேமைப் பார்க்க வந்தாள். பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வரும் பொறுப்பு எனக்கு. வாங்கிக் கொடுத்தவன் போக வேண்டியதுதானே. நான் போகவில்லை. நாற்காலி நகர்த்துகிற மாதிரி பாவனை செய்து மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

பெரிய டி.வி.யில் கேம் ஓடியது. பூமாரி சிரிக்காத முகம். அயலூர்க்காரனை நடத்திக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்தாள். அங்கே தாகத்தில் ஒரு கிழவர். பூமாரி தோல்பையைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். கிழவர் குடித்தார், வாழ்த்தினார், ஊருக்குள் போனார். எதிரில் வந்த கடைக்காரியிடம் சொன்னார்: "வெளியூர்லேருந்து ஒருத்தன் வந்திருக்கான். எனக்கு வெள்ளம் குடுத்தான்."

கடைக்காரி கடையை மூடினாள்.

வினீத் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடைக்காரி வண்டிக்காரனிடம் சொன்னாள், வண்டிக்காரன் பூசாரியிடம் சொன்னான். மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். சட்டிபானைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊரே வரிசையாக மலை ஏறியது. பூமாரி அயலூர்க்காரனை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அங்கே அவனை வரவேற்க ஒரு கோழி மட்டும் இருந்தது.

எனக்குச் சிரிப்பு முட்டியது. பழம்பொரியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நாச்சியாரின் முகத்தைப் பார்த்தேன். பி.எஸ்.சி. கோச்சிங்கின் முதல் பெஞ்சில் உட்கார்ந்த முகம் அது.

"எல்லாரும் எங்க போறாங்க?" என்றாள் பூமாரி.

வினீத் நாச்சியாரின் காதருகே, "சேச்சி, வேணும்னே வச்சதுன்னு பறஞ்ஞேக்கு" என்றான். சொல்லிவிடு என்கிறான்.

நாச்சியார் அவனைப் பார்க்கவே இல்லை. "தப்பு நடந்துட்டு மேடம். எங்க வீட்டுல வெள்ளம்னா குடிக்கத் தண்ணி. நான் பழக்கத்துல அப்படியே எழுதிட்டேன்."

ஆறுமுகசாமி எழுந்து நின்றான். "எக்கா, எங்க ஊர்ல வெள்ளம்னா ஆத்துல வாறதுதான். தாமிரவருணி பொங்குச்சுன்னா மாட்டை அவுத்துட்டு மேட்டுக்கு ஓடுவோம். அதான் ஓட விட்டேன்."

"தாகம்னு கேட்ட ஆளுக்கு எவனாவது ஆத்து வெள்ளத்தைக் குடுப்பானாடே?"

"நீங்க எழுதியிருக்கீங்க. வந்தவன் பெரிய ஆளு போலன்னு நினைச்சேன்."

"எங்கள்ல வெள்ளம்னா தண்ணி," என்றான் வினீத், யாரும் கேட்காமலே. "வெள்ளமடின்னா மத்த தண்ணி." சாராயம் குடிப்பதைச் சொல்கிறான்.

பூமாரி கையை உயர்த்தி மூவரையும் நிறுத்தினாள். கேமை நிறுத்தவில்லை. அயலூர்க்காரனை மலைக்கு ஏற்றினாள். அவனைக் கண்டதும் கூட்டம் பின்வாங்கியது. ஒருத்தன், "எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்று கும்பிட்டான். அது கொள்ளைக்காரன் வருகிற இடத்துக்கு நாச்சியார் எழுதிய பேச்சு. இங்கே வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. பாவம் அந்தக் கிழவர், "நல்லவன், எனக்கு வெள்ளம் குடுத்தவன்" என்று கூட்டத்துக்குள் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் மேலே ஏறினார்கள்.

நன்றியைச் சொல்லியே ஒருவனுடைய பேரைக் கெடுக்கிற ஆள் எங்கள் தெருவிலும் உண்டு. பேரைச் சொன்னால் நாளைக்கு வேனில் ஏற மாட்டார்.

ஸ்டேஷனுக்குப் போக வண்டி வந்துவிட்டதாக பூமாரிக்கு போன் வந்தது. "வெயிட் பண்ணச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். சமாதானம் பேசிப் பார்த்தாள், கும்பிட்டுப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் கீழே இறங்கி, கிணற்றில் குடம் நிறைய இறைத்து, மலைக்குச் சுமந்து வந்து, எல்லாரும் பார்க்க முன்னால் நின்ற கடைக்காரிக்கு ஊற்றினாள். கடைக்காரி குடித்தாள். கண்ணால் கண்டவர்கள் காதால் கேட்டதை விட்டார்கள். கடைக்காரி தலைச்சுமையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். பின்னால் வண்டிக்காரன். பிறகு பூசாரி. ஊர் திரும்பி வந்து அடுப்பு பற்ற வைத்தது.

ஆபீஸில் யாரும் அதற்கு முன்னால் அதைப் பார்த்ததில்லை. கேமைச் செய்தவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

பூமாரி முதல் முறையாகச் சிரித்தாள். "நல்ல பேருக்கு நம்பர் போடுற கேம் நிறைய பாத்துட்டேன். நல்லது பண்ணி, அது தப்பாப் பரவி, அதை நானே போய்ச் சரி பண்ணினது இதான் முதல் தடவை. இந்த மாதிரி இன்னும் எவ்வளவு வார்த்தை இருக்கு?"

"எங்க ஊரு ரெண்டு பாஷை ஊரு மேடம்," என்றாள் நாச்சியார். "ஒவ்வொரு அடுக்களையிலயும் இருக்கு."

"அப்ப அதுதான் உங்க கேம். மத்ததெல்லாம் குறைச்சுட்டு இதைப் பெருசாப் பண்ணுங்க. நாங்க எடுத்துக்கறோம். பேப்பரெல்லாம் சென்னை போய் அனுப்பறேன்." ஒரு பழம்பொரியை எடுத்துக்கொண்டே வண்டிக்கு ஓடினாள்.

திரும்பும்போது நாச்சியார் வேனிலிருந்து அம்மாவுக்கு போன் போட்டாள். நான் ஹார்ன் அடிப்பதை நிறுத்திக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் சிவகாமியம்மாளின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"அப்போ கோச்சிங்கு?"

"போக வேண்டாம்மா."

"நெசமாத்தானா? நல்லா விசாரிச்சியா?"

"ஆமாம்மா. அவங்களே எடுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாங்க."

"சந்தோஷம் மக்கா." அடுத்த மூச்சிலேயே, "அந்த வந்த பொம்பளைக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டான்னு கேட்டியா?"

நாச்சியார் போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் திரும்பி வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றும் சொல்லலாம், கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. பிறகு எனக்குப் பின்னாலிருந்த சீட்டுக்கு நகர்ந்து வந்தாள்.

"அண்ணாச்சி, சக்கைன்னா உங்க வீட்டுல என்ன?"

"பலாப்பழம். என் மச்சினன் மெட்ராஸ்ல இருக்கான், அவனுக்குப் பிழிஞ்சு போட்ட கரும்பு."

"வேற?"

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சரக்கு தீர்ந்த பிறகும் அவள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 'கொண்டாளம்' என்று ஒரு சொல் உண்டு, ஒரு ஊரில் அது மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதை, பக்கத்து ஊரில் செருப்படி என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணாச்சி, இது நீங்க இப்பம் உண்டாக்கினதுதானே?"

"ஆமா."

"சாரமில்லை, பரவாயில்லை. எவனாவது ஒருத்தன் உண்டாக்கினதுதானே எல்லாம். இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அது எந்த ஊரில் செருப்படி, எந்த ஊரில் மரியாதை என்று விவரமாகக் கேட்கத் தொடங்கினாள்.